கடலில் கொட்டிய எண்ணெய் கரையில் என்ன செய்கிறது?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன; எண்ணெய் கடலில் கொட்டியது. அடுத்த நாள்களில் வடசென்னை எர்ணாவூரில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு இடையே ஆட்கள் வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கறுப்புக் களியை அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உறிஞ்சும் லாரிகள் வந்தும் அந்தக் களியைச் சரியாக இழுக்க முடியவில்லை. எண்ணெய் தண்ணீரில் மெல்லியதாக மிதக்கும் பொருள்தானே, அது எப்படிக் களியானது?

இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கடலில் கொட்டிய எண்ணெய் நாளுக்கு நாள் வேறு பொருளாக மாறிக்கொண்டே போகிறது. முதல் நாள் எண்ணெய் கொல்லும் உயிர் வேறு, பத்தாம் நாள் எண்ணெய் கொல்லும் உயிர் வேறு, பத்தாம் ஆண்டில் மண்ணுக்குள் கிடக்கும் எண்ணெய் கெடுக்கும் உயிர் வேறு.

எண்ணெய்க்கும் வயது உண்டு

கச்சா எண்ணெய் ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் பென்சீன், டொலுவீன் போன்ற இலேசானவை ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். பெட்ரோல் பங்கில் மூக்கைத் துளைக்கும் வாடை இவற்றுடையதுதான். இவை நீரில் ஓரளவு கரையவும் செய்யும். அதனால் புதிதாகக் கொட்டிய எண்ணெய்தான் அதிக நச்சுடையது; மூச்சில் போனால் நுரையீரலையும் நரம்பையும் தாக்கும். டீசல் போன்ற இலேசான எண்ணெய் கொட்டினால் பெரும்பகுதி சில நாளில் மறைந்துவிடும். ஆனால் அந்தச் சில நாளுக்குள் ஆழமில்லாத கழிமுகத்தில் இருக்கும் இறால் குஞ்சுகளையும் மட்டிகளையும் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும்.

கப்பல் எஞ்சினுக்கு எரிபொருளாகும் பர்னஸ் ஆயில் இதற்கு நேர் எதிர். ஆவியாவது மிகக் குறைவு. அலை அடிக்க அடிக்க நீர்த்துளிகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். மோர் கடையும்போது வெண்ணெய் திரள்வதைப் போலக் குழம்பு கெட்டிப்படும். இந்தக் குழம்பில் 70 முதல் 80 சதவீதம் வரை தண்ணீராகவே இருக்கலாம். அதாவது ஒரு லிட்டர் எண்ணெய் மூன்று முதல் ஐந்து லிட்டர் களியாகப் பெருகும். எர்ணாவூரில் வாளியில் வந்தது இதுதான். கொட்டிய எண்ணெயின் அளவும் கரையில் அள்ளிய களியின் அளவும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செய்தியில் ‘இத்தனை டன் அகற்றப்பட்டது’ என்று படித்தால், அதில் தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இன்னும் நாளானால் களி உடைந்து தார் உருண்டைகளாகும். மணலோடு கலந்து கனம் கூடினால் மூழ்கும். கோடை வெயிலில் இளகி மறுபடி ஒழுகும்.

நீர்மேல் தெரியும் நிறத்தை வைத்தே படலத்தின் தடிமனைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். வெள்ளியாக மினுங்கினால் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவு. வானவில் நிறம் தெரிந்தால் ஏறக்குறைய ஒரு மைக்ரான், சில இடங்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்க வெள்ளிப் படலம் தெரிந்தாலும் அதில் இருப்பது சுமார் 100 லிட்டர்தான், அரை பீப்பாய்க்குச் சற்று மேல். அதனால் விமானத்திலிருந்து எடுத்த பரந்த படலத்தின் படம் பயமுறுத்தும் அளவுக்கு, அதில் எண்ணெய் இருப்பதில்லை. மாறாக, பாறை இடுக்கில் சின்னதாகத் தெரியும் கறுப்புத் திட்டில் பல டன் இருக்கலாம்.

படலம் எங்கே போகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. நீரோட்டத்தின் வேகம் முழுவதும் அதைத் தள்ளும். காற்றின் வேகத்தில் 3 சதவீதம் கூடச் சேரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கரை நோக்கிக் காற்று வீசினால், காற்று மட்டுமே படலத்தை ஒரு நாளில் 18 கிலோமீட்டர் நகர்த்தும். நடுக்கடலில் கொட்டியது கரையோரத்தின் பிரச்சினை ஆவது இப்படித்தான்.

இறகு நனைந்தால்

கடற்பறவையின் உடலில் தண்ணீர் படாமல் காப்பது இறகின் கட்டுமானம். ஒவ்வொரு இறகிலும் நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து நுண்கிளைகள், அவற்றில் ஒன்றை ஒன்று பற்றும் கொக்கிகள். நெருக்கமாக வேய்ந்த கீற்றுக் கூரை மாதிரி. ஓலை ஒழுங்காக இருக்கும்வரை மழை உள்ளே வராது. வாலடியில் உள்ள சுரப்பியின் நெய்தான் பறவையை நனையாமல் காக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நெய் இறகைப் பேண உதவும், அவ்வளவே, காப்பது கட்டுமானம்தான். எண்ணெய் பட்டால் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சரியும். கூரையில் ஒரு ஓட்டை விழுந்த கதை. காசு அகலத்துக்கு எண்ணெய் பட்டாலே அந்த இடத்தில் கடல்நீர் நேராகத் தோலைத் தொடும்.

பறவையின் உடல் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ். தண்ணீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். அதனால் சென்னைக் கடலைப் போன்ற வெதுவெதுப்பான நீரில்கூடப் பறவை குளிரில் விறைத்துச் சாகலாம். வெப்ப நாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்பது தவறு. இறகுக்குள் இருந்த காற்று போய்விட்டதால் மிதக்கும் திறனும் குறையும். குளிர் தாங்காமல் கரையேறும். கரையில் இரை இல்லை. உடம்பில் உள்ள கொழுப்பை எரிக்கும், அது தீர்ந்ததும் தசையை.

இதற்கிடையே அது சும்மா இருக்காது. இறகைச் சரிசெய்வது பறவையின் இயல்பு என்பதால், அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும். குடலின் உட்புறம் புண்ணாகும், வயிற்றுப்போக்கில் நீர் போகும், சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும், சிறுநீரகம் பழுதாகும். கரையில் பிடிபடும் பறவைகளில் பல, எண்ணெயால் நேராகச் சாவதைவிட இப்படி வற்றித்தான் சாகின்றன.

கடல் நீர்நாய்க்கும் இதே கதை, இன்னும் கொடூரமாக. திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் உண்டு; நீர்நாய்க்கு அது இல்லை. ரோமம் ஒன்றுதான் போர்வை. ஒரு மனிதத் தலையில் மொத்தமாக இருக்கும் முடியைவிட அதன் உடலில் ஒரே ஒரு சதுர சென்டிமீட்டரில் ரோமம் அதிகம். உடம்பைச் சூடாக வைக்க அது தன் எடையில் கால் பங்கைத் தினமும் தின்றாக வேண்டும். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி 4 கோடி லிட்டருக்குச் சற்று மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது, ஏறக்குறைய 2,800 நீர்நாய்கள் இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தப்பியவையும் நிம்மதியாக இல்லை. அவை கடற்கரைச் சேற்றைத் தோண்டி மட்டி தின்பவை. மேலே கடல் சுத்தமாகத் தெரிந்த பிறகும், தோண்டிய குழியில் பழைய எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் நீர்நாய்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வர கால் நூற்றாண்டு ஆனது.

மூச்சு வாங்க மேலே வருபவை

ஆமைக்கு இறகும் இல்லை, ரோமமும் இல்லை. அதன் சிக்கல் வேறு. எண்ணெயைக் கண்டு விலகத் தெரியாது. மூழ்குவதற்கு முன் நுரையீரல் நிறைய ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும். எண்ணெய்ப் படலத்துக்கு மேலே நச்சு ஆவி அடர்த்தியாக நிற்கும் அந்தச் சில அங்குல உயரத்தில்தான் அந்த மூச்சு. மிதப்பதையெல்லாம் இரை என்று எண்ணிக் கடிக்கும் பழக்கமும் உண்டு. ஆமையின் தொண்டைக்குள் வயிற்றை நோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கின்றன. வழுக்கும் சொறிமீன் வெளியே நழுவாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. தார் உருண்டை அந்த முட்களில் சிக்கினால் வெளியேயும் வராது, உள்ளேயும் போகாது.

எண்ணூர் மோதல் நடந்தது ஜனவரி கடைசியில். சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம் ஜனவரியில் தொடங்கும். இதே எண்ணெய் ஆகஸ்டில் கொட்டியிருந்தால் ஆமைகளைப் பொறுத்தவரை கணக்கு வேறு. கசிவின் தீமையை டன் கணக்கில் மட்டும் அளப்பதில் உள்ள குறை இதுதான். காலண்டரையும் பார்க்க வேண்டும்.

ஆமைக் கூடு மணலுக்குள் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும். முட்டை ஓட்டின் வழியே காற்று போய்வர வேண்டும். மேல் மணலில் எண்ணெய் பரவினால் அது தடைபடும். கறுப்பு மணல் வெயிலை அதிகம் இழுக்கும், கூட்டின் சூடு ஏறும். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது. இதையும் மீறிப் பொரித்த குஞ்சுகள் நேராக ஓடுவது அலைவாய்க்கு, அதாவது எண்ணெய் வந்து ஒதுங்கும் கோட்டுக்கு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடியில் உடைந்த கிணறு 87 நாள் கக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடையில் வளைகுடாக் கரைக் கூடுகளிலிருந்து 25,000-க்கும் மேற்பட்ட ஆமை முட்டைகளைத் தோண்டி எடுத்து, புளோரிடாவின் மறுபுறம் அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுபோய்ப் பொரிக்க வைத்து விட்டார்கள். முட்டையை இவ்வளவு தூரம் இடம் மாற்றுவது ஆபத்தான வேலை, சாதாரண நாளில் யாரும் செய்யத் துணிய மாட்டார்கள். கடலில் காத்திருந்தது அதைவிட மோசம் என்பதால்தான் துணிந்தார்கள்.

ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, நுரையீரலில்தான் அடி. லூசியானாவின் பராத்தாரியா விரிகுடாவில் வெடிப்புக்கு அடுத்த ஆண்டே டால்பின்களைப் பிடித்துச் சோதித்தார்கள். நுரையீரல் நோய் அதிகம், அட்ரினல் சுரப்பி சுரக்க வேண்டிய ஹார்மோன் குறைவு. பின்பு தொடர்ந்து கவனித்ததில், சினையுற்றவற்றில் ஐந்தில் ஒன்றுதான் உயிருள்ள குட்டியைத் தக்கவைத்தது. எண்ணெய் படாத பகுதியில் இது 83 சதவீதம். கரையில் ஒரு பிணமும் ஒதுங்காமலே ஒரு கூட்டம் தேய்ந்துகொண்டு போவது இப்படி.

கண்ணுக்குத் தெரியாத சாவு

வளர்ந்த மீன் பெரும்பாலும் நீந்தித் தப்பிவிடும். முட்டையும் நுண்குஞ்சும் எங்கே போகும்?

ஆவியாகும் பகுதி போன பிறகும் எண்ணெயில் பல வளையங்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் தங்கியிருக்கும். நீரில் இவை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே வளரும் மீன் கருவின் இதயம் கெடுகிறது. இதயத் தசைச் செல்களில் பொட்டாசியமும் கால்சியமும் போய்வரும் வாசல்களை இவை அடைக்கின்றன. துடிப்பின் தாளம் தப்புகிறது, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறது. சூரை மீன் கருக்களில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். கரு சாகாமல் பிழைத்தாலும் இதயத்தின் வடிவம் கோணலாகிவிட்டால் அந்த மீனால் வேகமாக நீந்த முடியாது. சூரைக்கு வேகம்தான் வாழ்க்கை. இதோடு வெயிலும் சேர்ந்தால் நிலைமை மோசம்: கண்ணாடி போன்ற நுண்குஞ்சின் உடலுக்குள் புகுந்த இந்த வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிர் பட்டதும் பன்மடங்கு நச்சாகின்றன. ஆழமில்லாத வெப்பமண்டலக் கடலுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பறவை முட்டைக்கும் இதே மென்மை. எண்ணெய் பட்ட மார்போடு தாய்ப் பறவை அடைகாத்தால் ஓட்டில் எண்ணெய் ஒட்டும். வாத்து முட்டைகளில் செய்த சோதனைகளில், அடைகாப்பின் தொடக்கத்தில் ஐந்து மைக்ரோலிட்டர் எண்ணெய் பட்டாலே பல கருக்கள் இறந்தன. ஒரு சொட்டு என்பது சுமார் 50 மைக்ரோலிட்டர். ஆக, சொட்டில் பத்தில் ஒரு பங்கு.

மீனுக்குக் கல்லீரல் உண்டு, இந்தச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும். சிப்பி, ஆளி, மட்டி ஆகியவற்றால் அது முடியாது. நாள் முழுக்க நீரை வடிகட்டி உண்பவை என்பதால் எண்ணெய்த் துளிகளும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். கசிவுக்குப் பின் மீன் விற்பனைக்கு அனுமதி வந்த பிறகும் மட்டிக்கு வராமல் இருப்பதன் காரணம் இதுதான். அந்த மட்டியைத் தின்னும் உள்ளானுக்கும் நீர்நாய்க்கும் யார் தடை விதிப்பது?

சேறு விடாது

எல்லாக் கரையும் ஒன்றல்ல. அலை அறையும் செங்குத்துப் பாறை தானாகவே சில வாரங்களில் கழுவிக்கொள்ளும். நுண்மணல் கரையில் எண்ணெய் மேலேயே நிற்கும், வழித்தெடுக்கலாம். கூழாங்கல் கரையில் ஆழமாக இறங்கும். எல்லாவற்றிலும் மோசம் சேற்று நிலமும் அலையாத்திக் காடும். எண்ணெய்க் கசிவுக்கான கரை வரைபடங்களில் 1 முதல் 10 வரை போடும் எண்வரிசையில் அலையாத்தி 10-இல் இருக்கும்.

அலையாத்தி மரம் நிற்கும் சேற்றில் காற்று இல்லை. அதனால் மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு, தோலில் உள்ள நுண்துளைகள் வழியே காற்றை இழுத்து அடிவேருக்கு அனுப்பும். அலையேற்றத்தில் வந்த எண்ணெய், வற்றும்போது இந்த வேர்கள்மேல் பூசிவிட்டுப் போகும். மரத்தின் மூக்கைப் பொத்தியது மாதிரி. சில வாரங்களில் இலை மஞ்சளாகி உதிரும். மரம் சாக மாதங்கள்கூட ஆகலாம். அதனால் ‘மரங்கள் பச்சையாகத்தானே இருக்கின்றன’ என்று முதல் மாதத்தில் எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

சேற்றுக்குள் நண்டு வளைகள் இருக்கும். நல்ல காலத்தில் அவை வேருக்குக் காற்றும் நீரும் கொண்டுபோகும் குழாய்கள். கெட்ட காலத்தில் எண்ணெயை அடி ஆழம் வரை இறக்கும் குழாய்களும் அவையே. கீழே ஆக்சிஜன் இல்லாததால் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் அங்கே மெல்லத்தான் வேலை செய்யும். 1986-இல் பனாமாவின் கரீபியக் கரையில் சேமிப்புத் தொட்டி உடைந்து 80 லட்சம் லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வேர்களில் ஒட்டி வாழும் சிப்பிகளை அது திரும்பத் திரும்பத் தொட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. இது கடலிலிருந்து கரைக்கு வந்ததல்ல, கரையிலிருந்து கடலுக்குப் போனது. ஆனால் அலையாத்தி வேருக்கு இரண்டும் ஒன்றுதான்.

துப்புரவு என்ற இரண்டாவது விபத்து

அவசரத்தில் செய்யும் துப்புரவு எண்ணெயைவிட அதிகம் கெடுத்த வரலாறு உண்டு. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கருகே டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது, சுமார் 10,000 டன் கரைப்பான் கலந்த சோப்புத் திரவங்களைக் கடலிலும் பாறைகளிலும் கொட்டினார்கள். எண்ணெய் பட்ட பாறைகளில் ஓரளவு பிழைத்திருந்த நத்தைகள், இந்தத் திரவம் பட்ட பாறைகளில் முற்றாக அழிந்தன. நத்தை மேயாததால் பாசி கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. அந்தப் பாறைகள் பழைய சமநிலைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

அலாஸ்காவில் வேறு விதம். சுமார் 60 டிகிரி சுடுநீரை உயர் அழுத்தத்தில் பாறைகள்மேல் பீய்ச்சினார்கள். தொலைக்காட்சியில் பார்க்கச் சுறுசுறுப்பாக இருந்தது. பாறையில் ஒட்டியிருந்த மட்டி, பாசி எல்லாம் வெந்துபோயின. நுண்மண் அரித்துக்கொண்டு போனது. சுடுநீர் படாத பாறைகள் விரைவில் தேறின. கரையைத் தூய்மையாகக் காட்டுவது ஒரு வேலை. உயிரைத் திரும்பக் கொண்டுவருவது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எண்ணெயைத் துளித்துளியாக உடைக்கும் வேதிக் கரைப்பான் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இப்போதையவை 1967-இல் ஊற்றியவற்றைவிட நச்சு குறைந்தவை. அது எண்ணெயை மாயமாக்குவதில்லை, மேற்பரப்பிலிருந்து நீருக்குள் அனுப்புகிறது. பறவைக்கும் ஆமைக்கும் நன்மை, மீன் முட்டைக்கும் பவளத்துக்கும் தீமை. ஆழ்கடலில் இந்தப் பேரம் சில நேரம் நியாயமானது. மன்னார் வளைகுடா போன்ற ஆழமில்லாத பவளக் கடலில் நியாயமே இல்லை.

பூம் எனப்படும் மிதவைத் தடுப்பு கழிமுக வாயைக் காக்கச் சிறந்த கருவி. அதற்கும் எல்லை உண்டு. நீரோட்டம் நேராக வந்து மோதினால், மணிக்கு ஏறக்குறைய 1.3 கிலோமீட்டரைத் தாண்டியதுமே எண்ணெய் அடியில் நுழைந்து போய்விடும். நாம் நடக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஓட்டத்துக்குக் குறுக்கே கட்டாமல் சாய்த்துக் கட்டி, எண்ணெயை ஓட்டம் குறைந்த ஒரு மூலைக்குத் தள்ளி அங்கே அள்ள வேண்டும். முகத்துவாரத்தில் நேர் குறுக்காகப் பூம் கட்டிய படம் நாளிதழில் வந்தால், அலையேற்றத்தில் அது வேலை செய்யாது என்று தைரியமாகச் சொல்லலாம். 2020-இல் மொரீஷியஸில் வகாஷியோ கப்பல் பவளப் பாறையில் ஏறி எண்ணெய் கசிந்தபோது ஊர்மக்கள் கரும்புத் தோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைகள் செய்தார்கள். தோகை எண்ணெயை உறிஞ்சும், மிதக்கும், கையருகே கிடைக்கும். ஆனால் நனைந்து கனத்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே மூழ்கும் எண்ணெய் மூட்டையாகிவிடும்.

மணற்கரையில் கனரக வண்டியை இறக்கக் கூடாது. சக்கரம் எண்ணெயைக் கீழே புதைக்கும், ஆமைக் கூட்டையும் நசுக்கும். ஆமைப் பருவத்தில் கூடு அடையாளம் தெரிந்தவர் முதலில் நடந்து குறி வைத்த பிறகே மண்வெட்டி இறங்க வேண்டும். சேற்று நிலத்தில் ஆட்கள் இறங்குவதே கெடுதல். மிதித்த ஒவ்வொரு அடியும் எண்ணெயை வேர்வரை இறக்கும். பலகை போட்டு நடப்பது, படகிலிருந்து மெல்லிய நீரால் கழுவி மிதக்க வைத்து எடுப்பது, சில இடங்களில் தொடாமல் விடுவது ஆகிய மூன்றுதான் வழி. அள்ளுபவர்களுக்கு நைட்ரைல் கையுறையும் பூட்சும் வேண்டும். எர்ணாவூரில் வெறுங்கையோடு இறங்கிய பலர் இதை அறிந்திருக்கவில்லை.

செத்தவை எத்தனை?

அலாஸ்காவில் கையில் கிடைத்த பறவைப் பிணங்கள் சுமார் 35,000. இறந்தவை இரண்டரை லட்சம் இருக்கும் என்பது மதிப்பீடு. ஏனென்றால் எண்ணெய் தோய்ந்த பிணம் மூழ்கும், கடற்காகமும் கழுகும் தின்னும், ஆளில்லாக் கரையில் ஒதுங்கும். இதற்காக அடையாளமிட்ட பிணங்களைக் கடலில் விட்டு, எத்தனை கரைக்கு வருகின்றன என்று பார்த்துப் பெருக்குத்தொகை கணக்கிடுவார்கள். அதனால் ‘பத்துப் பறவைகள் மட்டுமே இறந்தன’ என்ற வாக்கியத்தில் ‘மட்டுமே’ என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும். கசிவுக்குப் பின் நடந்த எல்லாமே கசிவால் நடந்தது அல்ல. பிரின்ஸ் வில்லியம் சவுண்டின் ஹெரிங் மீன்வளம் 1993-இல் சரிந்தது. எண்ணெயா, நோயா, இரைப் பற்றாக்குறையா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. கசிவுக்கு முன் எண்ணி வைத்த கணக்கு இருந்தால்தான் இத்தகைய வாதம் தீரும். நம் கழிமுகங்களில் பறவைகளையும் நண்டு வளைகளையும் ஆண்டுதோறும் எண்ணி வைப்பதன் மதிப்பு விபத்து நாளில்தான் தெரியும்.

பறவையைக் கழுவுவது

2000 ஜூனில் கேப்டவுன் அருகே டிரெஷர் என்ற சரக்குக் கப்பல் மூழ்கி சுமார் 1,300 டன் எரிபொருள் கசிந்தது. அளவில் சிறியதுதான், ஆனால் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூடு கட்டும் ராபன், டாசன் தீவுகளுக்கு நடுவே, கூடு கட்டும் பருவத்தில். எண்ணெய் பட்ட 19,000 பென்குயின்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கழுவினார்கள். இன்னும் எண்ணெய் படாத 19,500 பறவைகளை லாரியில் ஏற்றி, 800 கிலோமீட்டருக்கு அப்பால் போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள். அவை வீடு நோக்கி நீந்தித் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆனது. அதற்குள் தீவைச் சுற்றிய கடல் தெளிந்தது. எண்ணெய் பட்டவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. 1994-இல் அதே கரையில் அப்போலோ சீ கசிவில் எண்ணெய் பட்ட பென்குயின்களில் ஏறக்குறைய பாதிதான் பிழைத்திருந்தன. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவர்கள் கற்றது சோப்பைப் பற்றி அல்ல. பறவையைப் பெட்டியில் நெரிசல் இல்லாமல், காற்றோட்டத்தோடு எப்படிக் கொண்டுவருவது, கழுவுவதற்கு முன் எப்படித் தேற்றுவது என்பதைத்தான்.

பிடித்தவுடன் கழுவினால் பறவை செத்துவிடும். முதல் ஓரிரு நாள் சூடான அறை, குழாய் வழியே உப்பு, சர்க்கரை கலந்த நீர், பிறகு அரைத்த மீன். இரத்தம் சோதித்து, உடம்பு தாங்கும் என்றால் மட்டுமே தொட்டிக்குப் போகும். தண்ணீர் 40 டிகிரி சூட்டில், பாத்திரம் கழுவும் திரவம் நூற்றுக்கு ஓரிரு பங்கு. நீர் அழுக்கானதும் அடுத்த தொட்டி, அதற்கடுத்தது. இறகைத் தேய்க்கக் கூடாது, நீரை அலசி அலசி ஊடே செலுத்த வேண்டும். அலசல்தான் உயிர்நாடி: சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே எண்ணெய் செய்த வேலையைச் செய்யும். கடின நீர் உதவாது. சுண்ணாம்பு இறகில் படியும், மென்னீர் வேண்டும். ஒரு கூழைக்கடாவுக்கு ஆயிரம் லிட்டர் வரை செலவாகலாம். பின்பு உலர்த்தி, குளத்தில் விட்டு, நனையாமல் மிதக்கிறதா என்று பல நாள் பார்த்த பிறகே விடுதலை. பென்குயின் இதையெல்லாம் தாங்கும். எல்லாப் பறவையும் அப்படி அல்ல. பெரும்பாலும் கடலிலேயே வாழும் சில இனங்களைக் கழுவி விட்டாலும் பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்த அனுபவம் உண்டு.

2023-இல் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பட்ட கூழைக்கடாக்களைப் பிடிக்க வனத்துறையினர் திணறியதற்குக் காரணம் அவை இன்னும் பறந்துகொண்டிருந்ததுதான். பறக்கும் பறவை பிடிபடாது; பிடிபடும் நிலைக்கு வந்தபோது பாதி உயிர் போயிருக்கும். துரத்தித் துரத்தி அதன் மிச்ச பலத்தையும் தீர்ப்பது உதவி அல்ல.

கரையில் ஒன்றைப் பார்த்தால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண். பறவையைக் கடலுக்குத் துரத்த வேண்டாம், அது கரையேறியதே குளிருக்குப் பயந்து. வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெயால் துடைக்கவோ ஷாம்பு போடவோ வேண்டாம். மீனும் தண்ணீரும் வாயில் திணிக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் கையுறை, கண்ணாடி; பின்னாலிருந்து துண்டால் உடலையும் தலையையும் மூடி, சிறகை மடித்துப் பிடித்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, வெதுவெதுப்பாக வையுங்கள். கொத்தாமல் இருக்க அலகைப் பிடிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் வெளியே மூக்குத் துளை கிடையாது, வாய் வழியேதான் மூச்சு. அலகை இறுக்கி மூடாமல் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.